புது நகரத்தில் கால் ஊன்றுவது எப்படி: முதல் மூன்று மாதத்துக்கான வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ கல்யாணம் ஆனதாலோ முன்பின் தெரியாத பெரிய நகரத்துக்குக் குடிபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இதுவரை ஐந்து முறை ஊர் மாறியிருக்கிறேன். ஐந்து முறையும் முதல் வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல்தான் கழிந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகுதான் அந்தக் கட்டை அவிழ்க்க ஒரு வரிசை பிடிபட்டது.

அது பிடிபட ஒரு அசட்டுத்தனம் உதவியது. இரண்டாவது நகரத்தில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குச் சுரங்க ரயிலில் போவேன். நடுவில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும், மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். நான்கு மாதம் இப்படியே போனது. ஒருநாள் சாயங்காலம் ரயில் ஓடவில்லை என்று உடன் வேலை செய்பவர் ஒருவரோடு பேசிக்கொண்டே நடந்தேன். இருபதாவது நிமிடம் எதிரே என் தெருமுனை மருந்துக் கடை! ரயில் வரைபடத்தில் வீடு ஒரு மூலை, அலுவலகம் ஒரு மூலை. அதை நம்பி ஊரையே அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு தெரியும், அலுவலகம் தெரியும், இரண்டுக்கும் நடுவில் ஊர் எப்படிக் கிடக்கிறது என்று தெரியாது. கீழே வரும் படிகள் பெரும்பாலும் அந்த நடுப்பகுதியை நிரப்பத்தான்.

படி 1: வந்து இறங்கும் முன்

ஒரு மணி நேர வேலை இது. கைபேசியில் அந்த நகரத்தின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முகவரியைக் காகிதத்தில் எழுதிப் பர்சில் வையுங்கள். அந்த ஊரில் வேறு எழுத்து என்றால் அந்த எழுத்திலும் யாரிடமாவது எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பக்கத்து பஸ் ஸ்டாப்புக்கு என்ன பெயர்? வண்டிக்காரரிடம் எதை அடையாளமாகச் சொல்ல வேண்டும்? எந்த வாசல் வழியாக வர வேண்டும்? மூன்றாவது கேள்வியை நான் கேட்கத் தவறியதால் ஒரு ராத்திரி பட்ட பாடு போதும். வாடகை வண்டி ஓட்டுநர் "பழைய வாசலா, புது வாசலா?" என்று கேட்டார். இரண்டு வாசல் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கைபேசியில் சார்ஜ் மூன்று சதவீதம். இரண்டு பெட்டியோடு அடைத்துக் கிடந்த கேட்டுக்கு முன்னால் இறங்கி, மதிலை ஒட்டியே சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன்.

முதல் ராத்திரிக்கு வேண்டியதைத் தனிப் பையில் போடுங்கள்: சார்ஜர், மாத்திரை, சோப்பு, துண்டு, மாற்றுத் துணி, வாடகை ஒப்பந்தம். மற்ற பெட்டிகளை மறுநாள் திறந்துகொள்ளலாம்.

படி 2: முதல் மூன்று நாள், நான்கு திசை

பெட்டி பிரிப்பதிலும் திரைச்சீலை மாட்டுவதிலும் முதல் மூன்று நாளைத் தொலைத்துவிடாதீர்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே, தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே, குப்பையை எப்போது எங்கே போடுவது, இவ்வளவு தெரிந்தால் வீட்டுக்குள் இப்போதைக்குப் போதும். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.

சாதாரணமாக நடந்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் போவோம். கால் மணி நேரத்துக்கு ஒன்றேகால் கிலோமீட்டர். வீட்டை நடுவில் வைத்து அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அன்றாடம் பெரும்பாலும் அதற்குள்தான் நடக்கப் போகிறது. காலை ஒரு திசை, மாலை ஒரு திசை என்று போனால் இரண்டே நாளில் நான்கும் முடியும். போன வழியில் திரும்பக் கூடாது என்பது மட்டும் கட்டாயம். திரும்பும் வழி வேறாக இருந்தால்தான் இரண்டு தெருவும் எங்கே சேர்கின்றன என்று மண்டையில் ஏறும்.

சும்மா நடப்பது சிலருக்குக் கூச்சமாக இருக்கும். கையில் ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் புது வீட்டுக்கு ஆயிரம் சாமான் வேண்டியிருக்கும். மாற்றுச் சாவி செய்யக் கிழக்கே, பக்கெட் வாங்க மேற்கே, மருந்துக் கடை பார்க்க வடக்கே, முடி வெட்டிக்கொள்ளத் தெற்கே என்று பிரித்துவிடுங்கள். எல்லாவற்றையும் இணையத்தில் வரவழைத்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் சாமான்தான் வீட்டுக்கு வரும், நீங்கள் ஊருக்குள் போயிருக்க மாட்டீர்கள். முதல் மாதம் மட்டுமாவது கடைக்கு நடந்து போய் வாங்குங்கள்.

போகும்போது பார்த்துக்கொள்ள வேண்டியவை: ராத்திரி வெளிச்சம் இருக்கும் தெரு எது, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் பள்ளம் எது (காய்ந்த நாளிலும் சுவரில் கறை கோடு போட்டிருக்கும்), முட்டுச்சந்து எது, நாய்கள் எந்தத் தெருவைத் தங்களுடையது என்று நினைக்கின்றன, நேரம் கழித்தும் திறந்திருக்கும் கடை எது.

படி 3: கிழக்கு எது என்று முடிவு செய்யுங்கள்

புது ஊரில் வழி தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் தெருப் பெயர் தெரியாதது இல்லை, திசை புரண்டு கிடப்பதுதான். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறோம் என்றே தெரியாது.

முதலில் கைபேசி வரைபடத்தில் வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். நாம் திரும்பும்போதெல்லாம் வரைபடமும் சேர்ந்து திரும்பினால், மனதுக்குள் ஒரே படம் பதியாது. நீலப் புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். திறந்த வானத்தின் கீழ் அது சுமார் 5 மீட்டர் துல்லியம் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் செயற்கைக்கோள் சிக்னல் சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால் புள்ளி அடுத்த தெருவுக்கே தாவிவிடும். அப்போது தெருப் பெயர்ப் பலகைதான் துணை.

சூரியனும் உதவும், கொஞ்சம் கணக்கு வைத்துக்கொண்டால். அது நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 20-ஐ ஒட்டியும் செப்டம்பர் 22-ஐ ஒட்டியும் மட்டும்தான். மற்ற மாதங்களில் வடக்கிலோ தெற்கிலோ விலகியிருக்கும், பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போக இந்த விலகல் கூடும். மேகம் மூடிய நாளில் மொட்டை மாடி டிஷ் ஆன்டெனாக்களைப் பாருங்கள். அவை தேடும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. அதனால் வட அரைக்கோள நகரங்களில் டிஷ்கள் பொதுவாகத் தெற்குப் பக்கம் சாய்ந்திருக்கும், தென் அரைக்கோளத்தில் வடக்குப் பக்கம். ரேகையை நெருங்கிய ஊர்களில் கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும், அங்கே இந்த உபாயம் செல்லாது. ஒரு டிஷ் தப்பாக மாட்டியிருக்கலாம். ஒரு தெரு முழுக்க ஒரே பக்கம் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

படி 4: கையால் ஒரு வரைபடம்

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

பத்தாவது நாள் வாக்கில், கைபேசியைத் தூர வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் உங்களுக்குத் தெரிந்தவரை ஊரை வரையுங்கள். அழகு தேவையில்லை. எதை வரைவது என்று தெரியாவிட்டால் கெவின் லிஞ்ச் கைகொடுப்பார். அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் அவர். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களில் வசிப்பவர்களிடம் அவரவர் ஊரை வரைந்து காட்டச் சொல்லி, மனிதர்கள் நகரத்தை மனதில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1960-இல் எழுதினார். அவர் கண்டது ஐந்து வகை. நாம் போய்வரும் பாதைகள், ஆறோ தண்டவாளமோ நெடுஞ்சுவரோ போலக் குறுக்கே நிற்கும் விளிம்புகள், தனி முகம் கொண்ட வட்டாரங்கள், பாதைகள் கூடும் சந்திப்புகள், தூரத்திலிருந்தே தெரியும் அடையாளங்கள்.

இந்த வரிசையிலேயே வரையுங்கள். முதலில் தினமும் நடக்கும் பாதை. அடுத்து விளிம்பு. புதியவர்கள் மறந்துபோவது இதைத்தான், ஊரைப் புரிய வைப்பதும் இதுதான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் ஒரு கட்டடம் தெரியும். போக வேண்டுமென்றால் மேம்பாலம் வரை நடந்து ஏறி இறங்க வேண்டும். விளிம்பை எங்கெங்கே கடக்கலாம் என்று குறித்துவிட்டாலே பாதி ஊர் அடங்கிவிடும்.

என் மூன்றாவது நகரத்தில் பத்தாம் நாள் வரைந்த தாள் இன்னும் இருக்கிறது. நடுவில் வீடு, ஒரு ஸ்டேடியம் அளவுக்குப் பெரிதாக. தெற்கே நிமிர்ந்து போகும் ஒரே சாலை. உண்மையில் அந்தச் சாலை மெல்ல மெல்ல வளைந்து மேற்கே போகிறது, நடக்கும்போது தெரியவில்லை. அந்தச் சாலையில் போய் ஒவ்வொரு முறையும் ஒரு தெரு தள்ளி வெளியே வந்ததன் காரணம் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வரைந்ததை உண்மை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே நேரில் போங்கள். வெறுமையாக விட்ட இடத்தில் "தெரியாது" என்று எழுதி வையுங்கள்.

எனக்குத் திசை ஞானமே கிடையாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் வாங்கச் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மூளை ஆய்வாளர் எலினார் மக்வயரும் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இட நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பக்கம் இந்த ஓட்டுநர்களுக்குப் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். பிறவியிலேயே அப்படியா, படித்ததாலா என்று கேள்வி வந்தது. பயிற்சி பெறுகிறவர்களைப் பின்தொடர்ந்து 2011-இல் அதற்கும் பதில் சொன்னார்கள்: படித்துத் தேறியவர்களுக்கு வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு இல்லை. அவர்கள் வருடக்கணக்கில் படித்தார்கள், நமக்கு ஒரு முப்பது தெரு போதும்.

படி 5: பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை

இரண்டாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள், வீட்டுப் பக்கத்து ஸ்டாப்பில் ஏதாவது ஒரு பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைசி ஸ்டாப் வரை போங்கள். இறங்கிக் கொஞ்சம் சுற்றிவிட்டு அதே எண் பஸ்ஸில் திரும்புங்கள், இந்த முறை எதிர்ப்பக்க ஜன்னல். திரும்ப வரக் கடைசி பஸ் எப்போது என்று இறங்கியதுமே கேட்டுவிடுங்கள்.

சுரங்க ரயில் வேகமானதுதான். ஆனால் ஓரிடத்தில் மூழ்கி வேறோரிடத்தில் எழுகிறோம், நடுவில் ஊரே இல்லை. அதன் வரைபடமோ இன்னும் மோசம். 1933-இல் லண்டன் சுரங்க ரயிலுக்காக ஹாரி பெக் வரைந்த வரைபடம் உண்மைத் தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் நேர்கோடுகளும் சாய்கோடுகளுமாக, ஸ்டேஷன்களைச் சீராக அடுக்கிக் காட்டியது. ரயில் மாறுவதற்கு அதைவிட வசதியில்லை என்பதால் உலகமெங்கும் அந்தப் பாணி பரவியது. அதை வைத்து ஊரின் அளவைப் புரிந்துகொள்ள முடியாது. லண்டனில் லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷனுக்கும் கோவன்ட் கார்டன் ஸ்டேஷனுக்கும் நடுவில் கால் கிலோமீட்டர்தான் சொச்சம், படியிறங்கி ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்துவிடலாம். என் முப்பத்தைந்து நிமிடக் கதையும் இதே ரகம். நீங்கள் வழக்கமாக ரயிலில் போகும் இடங்களுக்கு ஒருமுறையாவது நடந்தோ பஸ்ஸிலோ போய்ப் பாருங்கள்.

நடுவில் முடிக்க வேண்டிய காகித வேலைகள்

சுவாரஸ்யமில்லாத பகுதி, சீக்கிரம் முடிப்போம். முகவரிச் சான்றுதான் முதல். வங்கி, சிம், எரிவாயு எல்லாம் அதைத்தான் கேட்கும். வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கைபேசியிலும் வைத்திருங்கள். மருத்துவரை உடம்புக்கு முடியாமல் போகும் முன்பே தேடி வையுங்கள். ராத்திரி திறந்திருக்கும் மருத்துவமனைக்கு ஒருமுறை பகலில் நடந்து போய், அவசரப் பிரிவு வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நாட்டின் அவசர எண் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளில் கைபேசியிலிருந்து 112 அழைத்தாலும் உதவி கிடைக்கும். பக்கத்து வீட்டில் ஒருவர் எண்ணாவது உங்களிடம் இருக்கட்டும்.

படி 6: கால் போன போக்கில்

மூன்றாவது வாரத்தில் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் சுற்றலாம். பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்ற பட்டியல் வெளியூர்க்காரருக்கு. அவர் மூன்று நாளில் போய்விடுவார், நீங்கள் இங்கேதான் இருக்கப் போகிறீர்கள். அந்த இடங்கள் எங்கும் ஓடிப்போகாது.

எங்கே போவது என்று திகைப்பாக இருந்தால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடது, ஒரு வலது என்று மாறி மாறித் திரும்புவது. ஒவ்வொரு சந்திப்பிலும் காசைச் சுண்டிவிடுவது. ஆற்றையோ கால்வாயையோ பிடித்துக்கொண்டு ஓரமாகவே போவது. எனக்குப் பிடித்தது கடைசி விதி. தண்ணீர் ஓரம் போனால் ஊரின் முதுகு தெரியும்: துணி காயும் கொல்லைப்புறம், பட்டறைகளின் பின்கதவு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

தொலைவது என்று முடிவெடுத்த பிறகு தொலையும் முறையும் இருக்கிறது. இருட்ட ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே திரும்பத் தொடங்குங்கள். சார்ஜ் முப்பது சதவீதத்துக்குக் கீழே போனால் அன்றைய சுற்றல் அத்தோடு சரி. திரும்பும்போது நடக்க வேண்டியதில்லை, எந்த பஸ்ஸிலாவது தெரிந்த சந்திப்புக்கு வந்துவிடலாம். தனியாகப் போகும் பெண்களுக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. என் தங்கை கடைப்பிடிப்பதை மட்டும் சொல்கிறேன்: புதுத் தெருவை முதலில் பகலில் பார்ப்பாள், ராத்திரி அங்கே போக வேண்டியிருந்தால் முதல்முறை துணையோடு போவாள், கிளம்பும்போது இருக்குமிடத்தை ஒருவருக்குப் பகிர்ந்துவிடுவாள். இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன்.

பார்த்த தெருவையே வேறு நேரத்திலும் பாருங்கள். விடிகாலையில் பரபரக்கும் சந்தைத் தெரு ராத்திரி ஒன்பதுக்கு ஆளரவமற்றுக் கிடக்கும். பகலில் ஒன்றுமே இல்லாத தெரு சாயங்காலம் விழித்துக்கொள்ளும்.

படி 7: ஆட்கள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அதற்கு நல்ல சிநேகிதர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே கடைக்கு ஒரே நேரத்துக்குப் போங்கள், அது போதும். முதல் வாரம் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். இரண்டாவது வாரம் தலையாட்டுவார். ஒருநாள் போகாமல் இருந்துவிட்டுப் போனால் "நேற்று காணோமே?" என்பார். அன்றைக்கு அவரிடம் நல்ல குழாய் ரிப்பேர்காரர் யார், அந்தப் பக்க வீட்டுக்கு இந்த வாடகை நியாயமா என்று கேட்கலாம். வரைபடத்தில் இல்லாத விவரமெல்லாம் இப்படித்தான் வரும்.

மேலோட்டமான அறிமுகங்களைக் குறைவாக எடைபோடாதீர்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் இதைத்தான் எழுதினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதுத் தகவல் அரைகுறையாக அறிமுகமானவர்கள் வழியாகத்தான் வருகிறது. என் ஐந்தாவது நகரத்து வீடு, சலவைக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் சொல்லிக் கிடைத்தது.

வழி கேட்கும்போது ஒரு நுணுக்கம். "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "நீங்கள் போவதானால் எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டால் குறுக்குச் சந்து வெளிவரும். அப்புறம், தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தப்பாக வழி சொல்பவர் எல்லா ஊரிலும் உண்டு. கொஞ்ச தூரம் போய் இன்னொருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை

இதற்குப் படி எண் போட மனமில்லை. முதல் இரண்டு வாரம் வேலை இழுத்துக்கொண்டு போகும். மூன்றாவது ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு, துணி துவைத்தாயிற்று, சாப்பிட்டாயிற்று, கூப்பிட ஆளில்லை. வீட்டுக்கு போன் செய்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதையும் தள்ளிப்போடுவோம். எனக்கு ஐந்து ஊரிலும் இது வந்தது, எங்கேயும் ஊரின் தப்பு இல்லை.

அந்த மத்தியானத்துக்கு முன்னாலேயே ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள். நாலு பேர் வாராவாரம் கூடும் இடம் எதுவானாலும் சரி, நூலகமோ, பூங்காவில் பந்து விளையாடும் கூட்டமோ, ஏதாவது வகுப்போ. பேச வேண்டிய கட்டாயமில்லாமல் ஆட்களுக்கு நடுவில் இருக்க முடிகிற இடமாகப் பாருங்கள். அதே கிழமை, அதே நேரம், குறைந்தது ஆறு வாரம் போங்கள். இரண்டு வாரம் போய்விட்டு யாரும் பேசவில்லை என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். நானும் இரண்டு ஊரில் அப்படி நிறுத்தியவன்தான்.

வீட்டுக்கும் போன் செய்யுங்கள். குரல் காட்டிக்கொடுத்தால் கொடுக்கட்டும்.

படி 8: மூன்றாம் மாதம், இரண்டாவது தாள்

பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி ஊரை வரையுங்கள், தேதி போடுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வீடு சுருங்கியிருக்கும், சாலைகள் வளைந்திருக்கும். முன்பு தனித்தனியாக மிதந்த இரண்டு வட்டாரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். என் தாளில் தண்டவாளத்தைக் கடக்கும் இடம் ஒன்று ஐந்தாகியிருந்தது, அதில் இரண்டு எந்த வரைபடத்திலும் இல்லாத நடைபாதைகள். வடகிழக்கு மூலையில் மட்டும் இன்னும் "தெரியாது" என்றுதான் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே சின்னதாக ஒரு பஸ் எண், அடுத்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி.